இருபது நிமிடம் யாருக்குச் சொந்தம்?

1

என் சித்தப்பா எண்பதுகளின் நடுவில் அடையாறில் அறை எடுத்துத் தங்கிப் படித்தவர். அவர் விட்டுப்போன பெட்டியிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு அறுபது நிமிடக் கேசட். அந்தக் காலத்தில் தி.நகரில் பதிவுக் கடைகள் இருந்தன. வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து தருவார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தது 'யெஸ்' என்ற இங்கிலாந்துக் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. 1972-இல் வந்தது. எல்.பி. இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிற ஒரே உருப்படி, ஏறத்தாழ 19 நிமிடம். கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். மீதி டேப்பை வீணாக்க மனசு வராத கடைக்காரர் தாமாகவே இரண்டு பாட்டைச் சேர்த்துப் பதிந்திருக்கிறார்: 'இளைய நிலா', 'பனிவிழும் மலர்வனம்'. இரண்டும் 1982-இல் வந்த படங்களின் பாட்டுகள். இரண்டுக்கும் இசை இளையராஜா.

சித்தப்பாவுக்கு இதில் கடுப்பு. 'புரோகிரஸிவ் ராக் கேக்குற கேசட்ல சினிமாப் பாட்டைப் போட்டு வச்சிருக்கான் பாரு' என்பார். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. ஒருத்தன் 19 நிமிடத்தைக் கேட்டு எடுத்துக்கொள்கிறான். இன்னொருத்தன் மிச்சம் கிடந்த இடத்தில் நாலரை நாலரை நிமிடமாக நுழைகிறான். இந்த இரண்டு பேரும் அடுத்து வந்த ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், இசையைப் பற்றி மட்டுமல்ல, நம்மைப் பற்றியும் சில விஷயங்கள் வெளியே வரும் என்று நினைக்கிறேன்.

'புரோகிரஸிவ்' என்பதை அப்படியே 'முற்போக்கு ராக்' என்று பெயர்த்தால் தோழர்களுக்குச் சிரிப்பு வரும். அதில் முற்போக்கு என்ன இருக்கிறது, மேட்டுக்குடிப் பையன்கள் மின்கிட்டாரில் வித்தை காட்டியதுதானே என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சிரிப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

2

1969-இல் 'கிங் க்ரிம்ஸன்' முதல் ஆல்பத்தை வெளியிடுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீப் பர்பிள்' குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்ந்து ஜான் லார்ட் எழுதிய கன்செர்ட்டோவை வாசிக்கிறது. அடுத்த நாலைந்து ஆண்டுகளில் 'யெஸ்', 'ஜெனிஸிஸ்', 'பிங்க் ஃப்ளாய்ட்', 'ஜெத்ரோ டல்' எல்லாம் பாட்டின் நீளத்தை உடைத்துவிட்டன. ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' (1972) இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. யெஸ் 1973-இல் நான்கு பக்கத்துக்கு நான்கே உருப்படி போட்டார்கள். அதற்கான யோசனை பரமஹம்ஸ யோகானந்தரின் தன்வரலாற்று நூலில் இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து வந்தது. அடிக்குறிப்புக்கு எண்பது நிமிட இசை! இந்த ஊதாரித்தனத்தைத்தான் பிற்பாடு எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஆனால் இந்த நீளம் மேதைமையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. அதற்கு ஒரு பொருளியல் அடித்தளம் இருந்தது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். 1948-இல் எல்.பி. வந்தபோது அது இருபது நிமிடத்துக்கு மேலே போனது. அறுபதுகளின் முடிவில் அந்த எல்.பி.யை வாங்கிக்கொண்டுபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்க ஒரு கல்லூரித் தலைமுறையும் கிடைத்தது. இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்க ஓய்வு வேண்டும், அறை வேண்டும், கருவி வேண்டும். ஜெனிஸிஸ் குழு உருவானது சார்ட்டர்ஹவுஸ் என்ற கட்டணப் பள்ளியில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நீண்ட நேரம் என்பது ஒரு வர்க்கத்தின் கையிருப்பாக இருந்தது என்று சொல்லலாம்.

1976-இல் பங்க் வருகிறது. மூன்று சுருதிக்கோவை, மூன்று நிமிடம், கோபம். நீளம் என்றால் பணக்காரத் திமிர், குறுக்கம் என்றால் தெருவின் குரல் என்ற சமன்பாடு அப்போது உறுதியாகிறது. இந்தச் சமன்பாடும் முழு உண்மை இல்லை. பங்க்கின் பின்னாலும் கலைக்கல்லூரியும் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடையும் இருந்தன. ஆனாலும் அது ஒட்டிக்கொண்டது. நம் ஊர் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எண்பதுகளில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்குகிறது. முதலில் ஒளிபரப்பியது 'பகிள்ஸ்' என்ற இரட்டையரின் பாட்டு: வீடியோ வானொலி நட்சத்திரத்தைக் கொன்றதைப் பற்றிய பாட்டு. அந்த இரட்டையர் டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் அதற்கு முந்தின ஆண்டு, 1980-இல், யெஸ் குழுவிலேயே சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டிருந்தார்கள்! பிறகு டவுன்ஸ் பழைய ஆட்கள் மூவரோடு சேர்ந்து 'ஏஷியா' என்று குழு அமைத்தார். 1982-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்று அவர்களுடையது. அதில் எல்லாமே கைக்கு அடக்கமான நீளத்தில் உள்ள பாட்டுகள். ஹார்ன் தயாரிப்பாளராக இருந்து யெஸ்ஸுக்கு '90125' ஆல்பத்தை (1983) செய்து கொடுத்தார். அதிலிருந்த நாலரை நிமிடப் பாட்டு ஒன்று 1984 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். ஜெனிஸிஸ் 1972-இல் 23 நிமிட உருப்படி செய்த குழு. 1986-இல் 'இன்விஸிபிள் டச்' என்ற மூன்றரை நிமிடப் பாட்டில் முதலிடம் பிடித்தது. அதே ஆல்பத்தில் பத்து நிமிடம் தாண்டிய உருப்படியும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் அதை யாரும் வானொலியில் போடவில்லை.

ஆக, எண்பதுகளில் இவர்கள் அழிந்தார்கள் என்பது கட்டுக்கதை. அவர்கள் முன்னைவிட நன்றாக விற்றார்கள். இருபது நிமிடத்தை விற்று நாலு நிமிடத்தை வாங்கினார்கள், அவ்வளவுதான். இதில் விதிவிலக்கு என்று நான் மதிப்பது கிங் க்ரிம்ஸனை. 1974-இல் கலைத்துவிட்ட குழுவை ராபர்ட் ஃப்ரிப் 1981-இல் 'டிஸிப்ளின்' ஆல்பத்தோடு திரும்பக் கொண்டுவந்தார். உருப்படிகள் சுருங்கின. ஆனால் இந்தோனேசிய கமலான் இசைபோல இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு கணக்கில் பின்னிக்கொள்கிற ஒரு புது உழைப்பு உள்ளே வந்தது. பீட்டர் கேப்ரியல் ஜெனிஸிஸை விட்டு 1975-இல் வெளியேறி, 1980-இல் தென்னாப்பிரிக்கச் சிறையாளி ஸ்டீவ் பீகோவின் கொலையைப் பற்றிப் பாடினார். சுருங்குவது தானாகவே சரணாகதி ஆகிவிடாது என்பதற்காக இந்த இரண்டையும் சொல்கிறேன். யார் தன் விருப்பத்தில் சுருங்குகிறார்கள், யார் சுருக்கப்படுகிறார்கள் என்பதே கேள்வி.

3

இனி சென்னை. இந்த நகரத்தில் நீண்ட நேரம் யாருக்குச் சொந்தமாக இருந்தது?

ஒரு காலத்தில் அது நாகஸ்வரக்காரர்களுக்குச் சொந்தம். கோயில் புறப்பாட்டில், மாட வீதி நாலும் சுற்றி வருவதற்குள், ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பது பெரிய மேளத்தின் மரபு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பற்றிய கதைகள் எல்லாம் நேரத்தைப் பற்றிய கதைகள்தாம். 1928-இல் மியூசிக் அகாடமி வருகிறது. சபாக்கள் பெருகுகின்றன. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி பத்ததி நிலைபெறுகிறது. இரண்டரை மணி, மூன்று மணி நேரம் மேடையில் உட்கார்ந்து விஸ்தாரம் செய்யும் உரிமை மயிலாப்பூர்ப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நாகஸ்வரத்துக்கு என்ன மிஞ்சியது? தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிட மங்கல இசை. ஆட்கள் வந்து இருக்கை தேடி உட்காரும் வரைக்கும். இதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். ராத்திரி பூராவும் வாசித்தவர்களை வாசலில் பதினைந்து நிமிடத்துக்கு நிறுத்தியது மரியாதையா?

கச்சேரிக்குள்ளேயும் நேரப் பங்கீட்டில் ஒரு படிநிலை இருக்கிறது. கடம் உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக் கொடுத்த பங்குதான் அதற்கு. விக்கு விநாயக்ராம் 1966-இல் எம்.எஸ். ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்தவர். அவர் ஜான் மெக்லாக்லின், ஜாகிர் ஹுசைன், எல். சங்கர் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் சேர்ந்தபோது என்ன நடந்தது? 1976-இல் வந்த அவர்களுடைய முதல் எல்.பி.யில் அரை மணி நேரத்தைத் தொடுகிற ஓர் உருப்படி இருக்கிறது. அதில் கடம் கிட்டாருக்கும் வயலினுக்கும் சமமாக உட்கார்ந்து பேசுகிறது. சென்னைக் கடத்துக்குச் சென்னை தராத நேரம் அமெரிக்க எல்.பி.யில் கிடைத்தது. அந்தக் குழு 1978-இல் கலைந்தது. 1997-இல் வேறு ஆட்களோடு மறுபடி எழுந்தது. பின்னால் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அதில் சேர்ந்தார், 2014-இல் மறையும்வரை இருந்தார். 2023-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி விருதும் வாங்கியது. நீண்ட நேரத்தில் பழகியவர்களுக்குக் காலம் மாறினாலும் திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

சினிமா இசையமைப்பாளனுக்கு இந்த வாசல் இல்லை. 78 சுழற்சித் தட்டின் அளவில் பிறந்து, படத்தின் தேவைக்கு வெட்டப்பட்ட நாலு நாலரை நிமிடம்தான் அவன் நிலம். அதுவும் குத்தகை நிலம்.

பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி வாசித்தவர். 'முற்போக்கு' என்ற சொல்லின் நம்மூர் அர்த்தத்திலேயே தொடங்கியவர். சென்னையில் அவர் மேற்கத்திய இசை படித்தது மயிலாப்பூர் சாயி லாட்ஜில் தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம். அந்த லாட்ஜிலிருந்து மியூசிக் அகாடமிக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்த அறையில் கற்றுக்கொண்டவர்கள் போய்ச் சேர்ந்தது கோடம்பாக்கத்துக்கு. பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மானும் அதே மாஸ்டரிடம் கற்றவர்தான்.

'அன்னக்கிளி' 1976. லண்டனில் பங்க் வெடித்த அதே ஆண்டு. அங்கே நீளத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது இங்கே ஒருத்தர் வெட்டுப்பட்ட நேரத்துக்குள் நீளத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். 'பனிவிழும் மலர்வன'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் சலநாட்டை. விவாதி மேளம். சபாவில்கூடப் பலர் அடிக்கடி தொடுவதில்லை. அதை டீக்கடை வானொலிக்கான காதல் பாட்டாக்கி, நரம்பிசையையும் பேஸ் கிட்டாரையும் மேலேயும் கீழேயும் ஓடவிட்டு, முதல் இடையிசையை இரண்டாம் இடையிசையில் திருப்பிச் சொல்லாமல் புதிதாக எழுதி, நாலரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். புரோகிரஸிவ் ராக் இருபது நிமிடத்தில் செய்வதாகச் சொன்ன வேலை இதுதான்: பகுதிகள், திருப்பங்கள், வேற்று மரபுகளின் உரசல். 'தளபதி'யில் (1991) ஒரு குத்துப் பாட்டின் நடுவே அப்பர் தேவாரம் வந்து நிற்கிறதே, அது எந்த மரபு? நாம் அதைக் குத்துப்பாட்டு என்றே கேட்டுவிட்டுப் போய்விட்டோம்.

4

1986. ஜெனிஸிஸ் மூன்றரை நிமிடத்துக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டு இளையராஜா நாலரை நிமிடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கிறார். 'ஹவ் டு நேம் இட்?' படமில்லாத, பாட்டு வரிகள் இல்லாத இசைத் தொகுப்பு. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மனின் வயலின். பாஹின் பார்ட்டிட்டா ஒன்றை எடுத்து அதற்கு எதிரே தன் இசையை வைத்து உரையாட விடுகிறார். 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவோடு 'நத்திங் பட் விண்ட்'. இரண்டு கப்பல்கள் எதிரெதிர்த் திசையில் கடந்து போகிற மாதிரி இருக்கிறது இந்த ஆண்டுகளைப் பார்த்தால்.

யெஸ்ஸும் ஜெனிஸிஸும் சுருங்கிய திசையில் சந்தை காத்திருந்தது. ராஜா விரிந்த திசையில் யாரும் இல்லை. தொகுப்பு விற்கவில்லை என்று சொல்ல வரவில்லை. இன்றுவரை ஆட்கள் கேட்கிறார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து கேட்க, விவாதிக்க, மேடையேற்ற ஓர் அமைப்பு உருவாகவில்லை. சபாவுக்கு அது சினிமாக்காரர் சமாச்சாரம். 'சிந்து பைரவி'யில் (1985) தியாகராஜ கிருதியின் ராகத்தை மாற்றினார் என்று முகம் சுளித்தவர்கள் பாஹையும் தியாகராஜரையும் ஒரே வரியில் நிறுத்தியதை எப்படி ஏற்பார்கள்? ராக் கேட்ட அடையாறுப் பையன்களுக்கு அது போதுமான அளவுக்கு ஆங்கிலம் இல்லை. நமக்கு, சிறுபத்திரிகைக்காரர்களுக்கு? பிரேம்-ரமேஷ் மாதிரி ஒரு சிலர் அவர் இசையை எடுத்துக்கொண்டு எழுதினார்கள். மற்றவர்கள் வெகுஜனம் என்று ஒதுக்கினோம், அல்லது ஆளைக் கொண்டாடி இசையை விட்டுவிட்டோம்.

1992-இல் 'ரோஜா'. ரஹ்மான் அதற்கு முன் 'ரூட்ஸ்', 'நெமிஸிஸ் அவென்யூ' என்று சென்னை ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர், ராஜாவின் குழுவிலும் வாசித்தவர். கணினியில் அடுக்கடுக்காக ஒலியைக் கட்டும் முறையோடு வந்தார். காதின் பழக்கமே மாறியது. இதை வெறும் இரண்டு ஆட்களின் போட்டியாக வைத்து முப்பது ஆண்டைத் தாண்டிய சண்டையை நான் நீட்ட விரும்பவில்லை. இந்தச் சண்டையின் சத்தத்தில் 1993 காணாமல் போனது என்பதே என் வருத்தம். அந்த ஆண்டு லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு ராஜாவின் சிம்பொனியை ஜான் ஸ்காட் நடத்த வாசித்துப் பதிவு செய்தது. டீப் பர்பிளோடு 1969-இல் வாசித்த அதே இசைக்குழு. அந்தப் பதிவு வெளிவரவில்லை. ஜான் லார்டின் கன்செர்ட்டோவுக்கும் ஒரு கஷ்டம் வந்தது: எழுதிய தாள்களே 1970-இல் தொலைந்துபோயின. ஒரு டச்சு ரசிகர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுத, 1999-இல் அதே ஆல்பர்ட் ஹாலில் மறுபடி வாசித்தார்கள். தொலைந்ததைத் தேடித் திருப்பி எழுத அங்கே ஆள் இருக்கிறது. முடித்துப் பதிந்ததைக் கேட்க வேண்டும் என்று அடம்பிடிக்க நமக்கு ஆள் இல்லை.

அதற்காகத் தொண்ணூறுகளில் ராஜா ஓய்ந்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஹே ராம்' (2000) படத்துக்கு முதலில் வேறொருவர் இசையில் பாட்டுக் காட்சிகள் படமாகியிருந்தன. அந்தக் காட்சிகளின் உதட்டசைவுக்கும் அசைவுக்கும் பொருந்தும்படி ராஜா புதிதாக இசை எழுதினார். அடுத்தவன் அளந்து வைத்த நேரத்துக்குள் தன் இசையைப் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று இதை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு இது புகழ்ச்சியாக மட்டும் படவில்லை. ஒரு வாழ்நாள் முழுக்க அடுத்தவன் அளவில் வேலை செய்ததன் உச்சம் இது.

இங்கிலாந்துக் குழுக்களுக்குத் தொண்ணூறுகளில் நீளம் திரும்பக் கிடைத்தது, ஞாபகச் சரக்காக. எல்.பி.யாக வாங்கியதையே சி.டி.யாக மறுபடி வாங்கினார்கள். பிங்க் ஃப்ளாய்ட் 1994-இல் மைதானம் மைதானமாக வாசித்தது. நம் ஊரிலும் அதே கதைதான். ராஜாவின் மேடை நிகழ்ச்சிகளில் எண்பதுகளின் பாட்டைத்தான் கேட்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அதே ராயல் பில்ஹார்மோனிக் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. 32 ஆண்டு கழித்து. அப்போது அவருக்கு வயது 81. செப்டம்பரில் தமிழக அரசு பாராட்டு விழா எடுத்தது. சாதனை என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் அந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதி முதல் பகுதியிலிருந்து எப்படி வேறுபடுகிறது, எங்கே சறுக்குகிறது என்று ஒருத்தராவது ஒரு பக்கம் எழுதினால்தானே அது இசையாகும்? அதுவரை அது செய்தி.

5

இரண்டு ஆட்சேபங்கள் வரும். முதலாவது, அவருடைய அரசியல். 2022-இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவர், அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தன்னைத் தலித் அடையாளத்தில் நிறுத்துவதை மறுப்பவர். இந்த முன்னுரையை நானும் ஏற்கவில்லை. இங்கே அவருக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. ஒரு கலைஞனின் அரசியலோடு சண்டை போடுவதற்கும் அவன் இசைக்கு நேரம் கொடுக்காமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதை நாம் 2022-க்கு ரொம்ப முன்னாலேயே செய்துவிட்டோம்.

இரண்டாவது ஆட்சேபம்தான் முக்கியமானது. மக்கள் கலை சுருக்கமாகத்தான் இருக்கும், உழைக்கிறவனுக்கு இருபது நிமிடம் ஏது என்பது. இது பங்க் காலத்துச் சமன்பாடு, ஊர் மாறி வந்து நம் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே உழைக்கிற சனங்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா கேட்டவர்கள். அவர்களுக்கு நீளம் அந்நியம் இல்லை. நீளத்தை அவர்களிடமிருந்து எடுத்துச் சபாவுக்குக் கொடுத்தது ஒரு வரலாறு என்றால், 'மக்களுக்குச் சின்னதாப் போதும்' என்று அதற்குத் தத்துவம் எழுதியது நாம்.

நம் கூட்டங்களையே பாருங்கள். ஐந்தரைக்குக் கூட்டம் என்று நோட்டீஸ். ஆள் சேரவில்லை. பறைக் குழுவைக் கூப்பிட்டு, 'தோழர், ஒரு அஞ்சு நிமிஷம் அடிங்க, ஆள் சேரட்டும்' என்கிறோம். ஆள் சேர்ந்ததும் பறையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டரை மணி நேரம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். போன வருஷம் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கியபோது பறையடித்த தம்பி ஒருவர் சொன்னார்: 'அண்ணே, எங்ககிட்ட முக்கால் மணி நேரத்துக்கு அடி இருக்கு. யாரும் கேட்டதே இல்ல.' அன்றைக்குத்தான் மங்கல இசை நாகஸ்வரத்துக்கும் நம் கூட்டத்துப் பறைக்கும் ஒரே கடிகாரம்தான் ஓடுகிறது என்று எனக்கு உறைத்தது. சபாவைத் திட்டும் தகுதியை அந்த இடத்தில் கொஞ்சம் இழந்துவிட்டோம்.

இதை மாற்றுகிற முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் ராக்கும் யாருடைய கூட்டத்துக்கும் முன்னோட்டமாக வரவில்லை. அவைதான் நிகழ்ச்சி. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்தையே எடுத்துக்கொண்டது. நேரத்தைக் கேட்டு வாங்குவது என்றால் இதுதான். ஆனாலும் அங்கேயும் பாட்டுக்குப் பாட்டு நாலைந்து நிமிடமாகவே நகர்கிறது என்பதைத் தோழமையோடு சொல்கிறேன். சினிமாவின் அளவு நம் எல்லோர் உடம்பிலும் ஏறியிருக்கிறது. முக்கால் மணி நேர அடியைக் கேட்க நம் காது இன்னும் பழகவில்லை.

எனவே என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. நாம் நடத்தும் அடுத்த கூட்டத்தில் வரிசையை மாற்றிப் பார்ப்போம். பறைக்கு முக்கால் மணி நேரம், நடுவில் யாரும் மைக்கைப் பிடிக்காமல். பேச்சாளர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம், ஆள் சேரும்வரைக்கும். பேச்சாளர் பட்டியலில் என் பெயர் இருந்தால் முதலில் என்னிடமிருந்தே வெட்டுங்கள்.